அம்மாவுக்குக் கால் ரத்த ஓட்டம் 1.46: இது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா?

வண்ணார்பேட்டை மூத்தவன்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 69 வயது. சர்க்கரை வந்து 18 வருடம். தைப்பூசத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் பாதயாத்திரை வருடம் தவறாமல் போவார், வெறுங்காலோடு. இந்த வருடம் கிருஷ்ணாபுரம் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறிவிட்டார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். வலது பெருவிரலில் சின்னக் கீறல். வலி இல்லை. வலி இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு மாதத்தில் விரல் கருத்துப்போனது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். எடுத்த இடமும் ஆறவில்லை. பிறகுதான் இன்னொரு டாக்டர் பார்த்து, "காலுக்கு ரத்தமே போகவில்லை, புண் எப்படி ஆறும்?" என்று கேட்டார். ரத்தக்குழாய் அடைப்பைப் பலூன் வைத்து விரித்த பிறகு புண் ஆறியது. விரல் போனது போனதுதான்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு வருடா வருடம் கால் நரம்பு டெஸ்ட் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். எல்லாக் காகிதமும் ஃபைலில் இருக்கிறது. அப்புறம் எப்படித் தப்பியது?

போன வாரம் அம்மாவை (63 வயது, சர்க்கரை 14 வருடம்) ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனேன். கையிலும் காலிலும் பட்டை கட்டி ஒரு மெஷினில் பார்த்தார்கள். வலது 1.46, இடது 1.38. பார்த்த பையன், "சூப்பரா இருக்கு, ஒண்ணுக்கு மேலயே இருக்கு" என்றான். நம்பலாமா?

டவுன் ரதவீதி

0.9க்குக் கீழே போனால்தான் அடைப்பு என்று படித்திருக்கிறேன். 1.46 என்றால் ஜோராக ஓடுகிறது என்று அர்த்தம். கவலையை விடுங்கள் அண்ணாச்சி.

பாதம் பார்க்கும் அக்கா

ரதவீதித் தம்பி, அவசரப்படாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு 1.40க்கு மேல் வந்தால் அது நல்ல எண் இல்லை.

நான் ஒரு சர்க்கரை மருத்துவமனையில் 11 வருடமாகக் கால் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கணக்கு இதுதான். கணுக்காலில் எடுத்த மேல் பிபியைக் கையில் எடுத்த மேல் பிபியால் வகுப்பது. நல்ல காலில் கணுக்கால் பிபி கை பிபிக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கும். அதனால் 1.0 முதல் 1.4 வரை சாதாரணம். 0.91 முதல் 0.99 வரை இரண்டுங்கெட்டான். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு.

பட்டை காற்றடித்து ரத்தக்குழாயை அமுக்கி மூட வேண்டும், அப்போதுதான் பிபி தெரியும். சர்க்கரை பல வருடம் இருந்தால், சிறுநீரகம் கெட்டிருந்தால், குழாயின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். தோட்டத்தில் வெயிலில் பல வருடம் கிடந்த ரப்பர் டியூப்பை அமுக்கிப் பாருங்கள், மடங்காது. உள்ளே தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். அமுங்காத குழாயை மெஷின் "பிபி ரொம்பக் கூட" என்று எழுதும். அதுதான் உங்கள் 1.46 ஆக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கேள்வி பாக்கி. அம்மாவைப் படுக்கவைத்துப் பார்த்தார்களா, உட்காரவைத்தா?

வண்ணார்பேட்டை மூத்தவன்

பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்துத்தான் அக்கா. வெளியே வரிசை நின்றது.

பாதம் பார்க்கும் அக்கா

அப்போ அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் கூடுவது மாதிரி, உட்கார்ந்தால் நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள உயரம் முழுக்க ரத்தத்தின் எடையாகக் காலில் சேரும். நாற்பது ஐம்பது புள்ளி சும்மாவே ஏறிவிடும். மல்லாந்து படுத்து, ஐந்து பத்து நிமிடம் பேசாமல் கிடந்த பிறகு, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் எடுக்க வேண்டும். கை இரண்டில் எது கூடவோ அதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் பீடி, சிகரெட் கூடாது. ரத்தம் ஓடும் சத்தத்தைக் காதில் கேட்கவைக்கும் டாப்ளர் பேனாவை வைத்து எடுப்பதுதான் முறை.

அப்பாவின் ஃபைல் பற்றிக் கேட்டீர்களே. அந்தக் காகிதத்தில் "வோல்ட்" என்று எழுதி எண் இருக்கிறதா பாருங்கள்.

வண்ணார்பேட்டை மூத்தவன்

ஆமா. வலது 38 வோல்ட், இடது 35 வோல்ட். ஐந்து வருடக் காகிதத்திலும் அதே மாதிரிதான்.

பாதம் பார்க்கும் அக்கா

அது உணர்ச்சி நரம்பு டெஸ்ட். உள்ளங்காலில் வைக்கும் அதிர்வை எத்தனை வோல்ட் வரை கூட்டினால் தெரிகிறது என்று பார்ப்பது. 25க்கு மேல் போனாலே உணர்ச்சி நன்றாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ரத்தம் ஓடுகிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நம்ம ஊரில் "நரம்பு" என்று சொன்னால் இரண்டும் அதில் அடங்கிவிடுகிறது. உணர்ச்சி நரம்பும் நரம்பு, ரத்தக்குழாயும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பு ஊசி. "நரம்பு டெஸ்ட் எடுத்தாச்சு" என்றால் எல்லாம் பார்த்தாயிற்று என்று வீட்டில் நினைக்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் எத்தனை விரல் போயிருக்கும் என்று சில நாள் நான் நினைத்துக்கொள்வேன். இனிமேல் எந்த முகாமுக்குப் போனாலும் "உணர்ச்சி பார்க்கிறீர்களா, ஓட்டம் பார்க்கிறீர்களா" என்று கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கு வலி தெரியாமல் போனதற்கும் அந்த 38 வோல்ட்தான் காரணம். உணர்ச்சி செத்த காலில் அடைப்பு வந்தால் கால் கத்தாது.

ஆலங்குளம் காற்றாடி

நான் கொஞ்சம் எதிர்வாதம் பேசுகிறேன், கோபப்படாதீர்கள்.

முகாம் என்பதே பாதி வியாபாரம். எல்லாச் சர்க்கரைக்காரர்களையும் பிடித்துக் காலில் பட்டை கட்டிப் பார்ப்பதால் கால் காப்பாற்றப்படுகிறது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா? அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018இல், அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை செய்யலாம் என்றோ கூடாது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தில் சர்க்கரை உள்ள, கணுக்கால் கணக்கு 0.99க்கு மேல் போகாத, அறிகுறியே இல்லாத 1276 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? 40 தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்குக் கொழுப்பு மாத்திரை எப்படியும் எழுதுவார்கள். பீடியை விடு என்று எப்படியும் சொல்வார்கள். எண் தெரிந்தால் கூடுதலாக பயம்தான் வரும். வலி இல்லாத காலில் ஆஞ்சியோ, பலூன் என்று இழுத்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற பி.எச்.சி. டாக்டர்

காற்றாடி சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர் சொன்ன இரண்டும் சரியான தகவல்கள். அறிகுறியும் புண்ணும் இல்லாத காலில் பலூன் வைக்கக் கிளம்பும் இடத்திலிருந்து ஓடிவந்துவிடுங்கள், அதுவும் சரி.

ஆனால் அந்த அமெரிக்கக் குழு பேசியது பொதுமக்களைப் பற்றி. அமெரிக்கச் சர்க்கரைநோய்ச் சங்கம் 2003இலேயே 50 தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு இதைப் பார்க்கச் சொன்னது. இப்போது வயது கூடியவர்கள், கண்ணிலோ சிறுநீரகத்திலோ நரம்பிலோ சர்க்கரையின் சேதம் உள்ளவர்கள், காலில் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பார்க்கச் சொல்கிறது. பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை இருந்து, மாரடைப்பு மாதிரி இதய ஆபத்தும் கூடுதலாக உள்ளவர்களுக்கும் யோசிக்கச் சொல்கிறது.

நம்ம பக்கத்தில் இந்தக் கால் அடைப்பு வெள்ளைக்காரர்களை விடக் குறைவுதான். சென்னையில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்தது. நம்மிடம் கால் போவதற்கு முதல் காரணம் உணர்ச்சிக் குறைவும் சீழும். ஆனால் சீழ் பிடித்த காலுக்கு ஓட்டமும் இல்லை என்றால் கதை முடிந்தது. மருந்தும் ரத்தத்தில் ஏறித்தானே விரலுக்குப் போக வேண்டும்?

"கண்டுபிடித்து என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கு என் பதில். ஓட்டம் குறைந்த கால் என்று தெரிந்தால், நகத்தைப் பிடுங்குவதற்கு முன் டாக்டர் யோசிப்பார். கால் ஆணியைப் பிளேடால் வெட்டிக்கொள்ளும் ஆளை வீட்டில் தடுப்பார்கள். வீக்கத்துக்கு இறுக்கமான எலாஸ்டிக் கட்டுப் போட மாட்டார்கள், அப்படிக் கட்டியே செத்துப்போன கால்களை நான் பார்த்திருக்கிறேன். சின்னப் புண் வந்தால் ஒரு மாதம் மஞ்சள் தடவிக் காத்திருக்காமல் அன்றைக்கே வருவார்கள். முக்கியமாக, காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளைக் குழாயிலும் இருக்க வாய்ப்பு அதிகம். கால் போவதற்கு முன்னால் மாரடைப்பில் போகிறவர்கள்தான் நிறையப் பேர்.

மெஷினுக்கு முன்னால் விரல் இருக்கிறது. புறங்காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக மேலே வந்தால் ஒரு நாடி. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு நாடி. மேல்நாடி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் அது ஒன்று மட்டும் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். பின்நாடி கிடைக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். என் சர்வீஸில் எத்தனையோ நோயாளிகள் பத்து வருடம் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், ஒருவரும் அவர்கள் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் ஆரம்பத்தில் சொன்னதில்லை. ஓ.பி.யில் 150 பேர் நின்றால் யார் காலைப் பார்ப்பது?

முக்கூடல் பேத்தி

இங்கே பீடி என்றதும் எழுத வந்தேன். எங்கள் ஆச்சி பீடி சுற்றினாள், தாத்தா பீடி குடித்தார். ஒரு வீட்டுக்குள்ளேயே உற்பத்தியும் விற்பனையும்.

தாத்தா சாயந்திரம் ஆற்றுக்குக் குளிக்கப் போவார். பாதி வழியில் ஒரு சுவர் பக்கம் நின்று ஒட்டியிருக்கிற போஸ்டரைப் படிப்பார். மூன்று நிமிடம். பிறகு கிளம்புவார். தினமும் அதே சுவர். போஸ்டர் மாறாவிட்டாலும் படிப்பார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. கெண்டைக்கால் இழுத்துப்பிடிக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் மறைக்கத்தான் அப்படி நின்றார் என்று பின்னாளில்தான் தெரிந்தது. வாயு என்று நினைத்து ஆச்சி பூண்டு வதக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ராத்திரி கட்டிலில் படுக்கவே மாட்டார். சாய்வு நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டுத்தான் தூங்குவார். தொங்கப்போட்டால் பாதம் செக்கச் செவேலென்று ஆகும். "பாருடி, ரத்தம் எப்படி ஓடுது" என்று பெருமையாகக் காட்டுவார்.

ஓய்வுபெற்ற பி.எச்.சி. டாக்டர்

அம்மா, நீங்கள் எழுதியதைப் பாடத்திலேயே சேர்க்கலாம். ஒரே தூரத்தில் பிடிப்பதும், நின்றால் சில நிமிடத்தில் விடுவதும்தான் அடையாளம். மூட்டு வலி அப்படி வராது, அது உட்கார்ந்து எழும்போதும் வலிக்கும். தொங்கப்போட்டால் சிவப்பதும், மேலே தூக்கினால் வெளுத்துப்போவதும் முற்றிய அடைப்பு. அந்தச் சிவப்பை நல்ல ரத்தம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய. ராத்திரி காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்று யாராவது சொன்னால் அடுத்த மாதச் செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

வண்ணார்பேட்டை மூத்தவன்

அப்பா மார்கழி முழுக்கத் திண்ணையில் சேரில்தான் தூங்கினார். கொசு என்றார்.

பேட்டை சைக்கிள்

எனக்கு ஒரு சந்தேகம். நடந்தால் வலிக்கும் என்றால் நடக்கக் கூடாதா? எங்கள் சித்தப்பாவுக்கு 0.74 என்று வந்தது. அன்றிலிருந்து சித்தி அவரை வாசல்படி இறங்க விடுவதில்லை.

பாதம் பார்க்கும் அக்கா

சித்தியிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், புண் இல்லாத காலுக்கு நடைதான் மருந்து. பிடிக்கும் வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். நடக்கும் தூரம் மெல்ல மெல்லக் கூடும். வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கலாம், ஆனால் செருப்பு இல்லாமல் இல்லை. பாதத்தில் புண் இருந்தால் இது எதுவும் பொருந்தாது, முதலில் புண்.

கால் ஜில்லென்று இருக்கிறது என்று வெந்நீர்ப் பையை வைக்கவே கூடாது. உணர்ச்சியும் இல்லை, ஓட்டமும் இல்லை, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆனித் தேரோட்டத்துக்கு மத்தியானம் ரதவீதியில் வெறுங்காலோடு நின்றுவிட்டு உள்ளங்காலில் கொப்புளத்தோடு வருகிறவர்கள் எங்களுக்கு வருடா வருடம் உண்டு. கோயிலுக்குள் செருப்பு போட முடியாது, சரி. வாசல் வரைக்குமாவது போட்டு வாருங்கள், வெயிலுக்கு முன்னால் வாருங்கள். நெல்லையப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டவுன் ரதவீதி

அக்கா, ரதவீதி என்று சொல்லி என்னைத்தானே குத்துகிறீர்கள்! முதலில் தப்பாகச் சொன்னதற்கு மன்னிப்பு. ஒரு கேள்வி. குழாய் இறுகினால் கணுக்கால் எண்ணை நம்ப முடியாது என்றீர்கள். அப்போ அவர்களுக்கு எப்படித்தான் பார்ப்பது?

பாதம் பார்க்கும் அக்கா

விரலில் பார்ப்பது. சுண்ணாம்பு பெரும்பாலும் பெரிய குழாய்களில்தான் படியும், கால்விரலின் சின்னக் குழாய்களை விட்டுவிடும். அதனால் பெருவிரலுக்கென்று இருக்கிற சின்னப் பட்டையைக் கட்டி அதில் பிபி எடுத்து, கை பிபியால் வகுப்போம். 0.70க்குக் கீழே என்றால் அடைப்பு. விரல் பிபியே 30க்குக் கீழே போனால் அது அவசரம்.

அப்புறம் சத்தம். நல்ல குழாயில் டாப்ளர் வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று தட்டு தனித்தனியாகக் கேட்கும். அடைப்புக்குக் கீழே அந்தத் தட்டெல்லாம் கலைந்து காற்று ஊதுவது மாதிரி ஒரே "ஊஷ்". எண் சரியாக இருந்தாலும் சத்தம் கெட்டிருந்தால் நான் சத்தத்தைத்தான் நம்புவேன்.

ஆலங்குளம் காற்றாடி

இவ்வளவு நுணுக்கம் உள்ள சோதனையைச் சேரில் உட்காரவைத்து, வரிசை கட்டி, ஒரு பையன் பார்க்கிறான். நான் சொன்னதும் அதைத்தானே? கெட்டுப்போன சோதனையைப் பத்தாயிரம் பேருக்குச் செய்வதை விட, நாடி தொட்டுப் பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் மேல்.

ஓய்வுபெற்ற பி.எச்.சி. டாக்டர்

அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி பிபி, சர்க்கரை மாத்திரை வருகிறது. மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணே செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும் ஒரு நிமிடம் பார்த்து, நாடி இல்லாதவர்களை மட்டும் மேலே அனுப்பினால், டாப்ளர் உள்ள இடத்தில் கூட்டம் சேராது.

வண்ணார்பேட்டை மூத்தவன்

பத்து நாள் கழித்து வருகிறேன். அம்மாவை அக்கா சொன்ன மாதிரி படுக்கவைத்துப் பார்க்கிற இடமாகத் தேடிப் போனோம். பத்து நிமிடம் பேசாமல் படுக்கச் சொன்னதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

கை 136. வலது கணுக்கால் 152, அதாவது 1.12. இடது 1.07. முகாம் எண்ணில் பெரும்பகுதி அந்தச் சேர் செய்த வேலை! நான் சந்தோஷமாக எழுந்தேன். அந்த டாக்டரம்மா உட்காரச் சொன்னார். வலது பின்நாடி விரலுக்குக் கிடைக்கவில்லை, சத்தமும் ஊஷ் என்றுதான் கேட்கிறது என்றார். எனக்குக் கேட்கக் கொடுத்தார். இடது காலில் தட்டுத் தட்டாக, வலது காலில் ஊதல். பிறகு பெருவிரல் பார்த்தார். இடது 102, அதாவது 0.75. வலது 54, அதாவது 0.40.

ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே அடைப்பு. புண் இல்லை, ராத்திரி வலி இல்லை, அதனால் பலூன் இப்போது வேண்டாம் என்று அவரே சொன்னார். கொழுப்பு மாத்திரையைக் கூட்டினார், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல் 75 எழுதினார், இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். செருப்பு மாற்றினோம். நடக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அடுத்த தைப்பூசத்துக்கு வேனில் போகலாமா?"

ஆலங்குளம் காற்றாடி

நல்ல டாக்டர். பலூன் வேண்டாம் என்று சொன்னாரே, அதற்காகவே ஒரு கும்பிடு. மாத்திரை மாறியதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்களுக்கு வழி காட்டியது முகாம் இல்லை, அது கொடுத்த எண் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம்.

பாதம் பார்க்கும் அக்கா

தம்பி, அம்மா விஷயம் நல்லபடியாகப் போகிறது. அப்பாவுக்கு வலது காலில் பலூன் வைத்தார்கள் என்றீர்கள். இடது காலை யாராவது அளந்தார்களா?

வண்ணார்பேட்டை மூத்தவன்

ஃபைல் முழுக்கத் தேடிவிட்டேன் அக்கா. இடது காலுக்கு அந்த 35 வோல்ட் மட்டும்தான் இருக்கிறது. வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன்.